தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தரைத் தேடும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேடல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் வக்கீல். அரசு சட்டக் கல்லூரியில் படித்தவன். உங்கள் குழுவில் இருக்கிற நீதியரசர்களையோ பேராசிரியர்களையோ எனக்கு நேரில் பழக்கமில்லை. ஆனால் நீங்கள் எடுக்கும் முடிவு ஐந்து, ஆறு வருஷம் கழித்து எங்கள் கோர்ட்டு வராந்தாவரைக்கும் வந்து சேர்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பித்தவர்களின் கோப்புகள் இப்போது உங்கள் மேஜையில் இருக்கும். பேராசிரியராகப் பத்து வருஷ அனுபவம், வெளியிட்ட கட்டுரைகள், வழிகாட்டிய ஆய்வு மாணவர்கள், கலந்துகொண்ட வெளிநாட்டுக் கருத்தரங்குகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கோப்புகளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அவர் என். ஆர். மாதவ மேனன். நீங்கள் ஆள் தேடுகிற இந்த வகைப் பல்கலைக்கழகத்துக்கே அச்சாரம் போட்டவர் அவர்.

1935இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். இருபது வயதை ஒட்டிச் சட்டம் முடித்து, 1956இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். கொஞ்ச காலத்தில் தேர்வு எழுதி டெல்லியில் மத்தியத் தலைமைச் செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் இதற்கு மேல் என்ன கேட்கும்? அதையும் விட்டுவிட்டு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குப் போய் முதுகலைச் சட்டமும் முனைவர் பட்டமும் முடித்தார், அங்கேயே பாடமும் நடத்தினார். 1965இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் சட்டத் துறைக்கு வந்து சேர்ந்தார்.

இந்த வரிசையை நான் அடுக்கக் காரணம் இருக்கிறது. கோர்ட்டையும் அரசு அலுவலகத்தையும் உள்ளிருந்து பார்த்துவிட்டு வகுப்பறைக்கு வந்தவர் அவர். சட்டப் பேராசிரியர்களில் அப்படிப்பட்டவர்கள் அன்றைக்கும் குறைவு, இன்றைக்கும் குறைவு. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாக ஆஜராக முடியாது. அதனால் வாத்தியார் ஒரு பக்கம், வக்கீல் ஒரு பக்கம் என்று நம் நாட்டில் பிரிந்தே போய்விட்டார்கள். குற்றவியல் நடைமுறையை இருபது வருஷம் நடத்தும் பேராசிரியர், ஒரு ரிமாண்ட் நடப்பதைக் கண்ணால் பார்க்காமலேயே ஓய்வு பெற்றுவிடலாம்.

டெல்லியில் மேனன் கைவைத்தது இந்தப் பிரிவில்தான். 1970களில் நீதிபதி கிருஷ்ணய்யரும் அவரோடு சேர்ந்தவர்களும் இலவச சட்ட உதவியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்த காலம். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973இல் அறிக்கை கொடுத்தது. 1976இல் இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கும் 39ஏ பிரிவு அரசியல் சட்டத்தில் வந்தது. அந்த நேரத்தில் டெல்லி சட்டத் துறையில் சட்ட உதவி மையத்தை வளர்த்தவர்களில் மேனன் முக்கியமானவர். மாணவர்கள் நேரில் உட்கார்ந்து ஏழைகளின் வழக்கைக் கேட்க வேண்டும், மனு எழுத வேண்டும், அந்த வழக்கு என்ன ஆகிறது என்று பின்தொடர வேண்டும். மருத்துவ மாணவன் வார்டுக்குப் போகாமல் டாக்டராக முடியாது என்றால், சட்ட மாணவன் மட்டும் கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்காமல் எப்படி வக்கீலாகலாம்? வாழ்நாள் முழுக்க அவர் விடாமல் பிடித்திருந்த கேள்வி இது. 1998இல் இந்தப் பயிற்சி முறைக்கென்றே ஒரு கையேட்டைத் தொகுத்து வெளியிட்டார். அதே காலத்தில்தான் கட்சிக்காரரோடு பேசுவது, மனு வரைவது, மாதிரி நீதிமன்றம் போன்ற செய்முறைத் தாள்களை நாடு முழுக்க எல்லாச் சட்டக் கல்லூரிகளுக்கும் பார் கவுன்சில் கட்டாயமாக்கியது.

இடையில் புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்திருக்கிறார். நம் பக்கத்தில் பலருக்கு இது தெரியாது.

அப்புறம் பெங்களூரு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்றைக்குச் சட்டப் படிப்பின் நிலைமை உங்களுக்கு நினைவிருக்கும். பட்டப்படிப்பு முடித்து வேறு எதுவும் கிடைக்காதவர்கள் மாலைக் கல்லூரியில் சேர்ந்து, பரீட்சைக்கு நோட்ஸ் வாங்கிப் படித்து எழுதுகிற படிப்பு அது. வருகைப் பதிவேடு பெயருக்கு இருக்கும். இதை மாற்ற, பிளஸ் டூ முடித்த உடனே ஐந்து வருஷம் முழுநேரமாகச் சட்டம் படிக்கிற திட்டத்தை 1980களின் தொடக்கத்தில் பார் கவுன்சில் கொண்டுவந்தது. அதற்கு ஒரு முன்மாதிரிக் கல்லூரி தேவைப்பட்டது. பார் கவுன்சில் அறக்கட்டளையின் செயலாளராக இருந்த மேனனிடம் அந்தப் பொறுப்பு வந்தது. ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வராக இருந்த கர்நாடகம் 1986இல் தனிச் சட்டமே இயற்றிக் கொடுத்தது. இந்திய தேசிய சட்டப் பள்ளி பிறந்தது. மேனனுடைய பதவிக்கு இயக்குநர் என்று பெயர், செய்தது முழுக்கத் துணைவேந்தர் வேலை. இந்தியத் தலைமை நீதிபதி அதன் வேந்தர்.

1988இல் முதல் வகுப்பு தொடங்கியபோது சொந்தக் கட்டடம் கிடையாது. சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில் கிடைத்த இடத்தில் நடத்தினார்கள். நாகரபாவியில் வளாகம் எழும்பியது பிறகுதான். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பெற்றோர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அன்றைக்குத் தன் பிள்ளையை, அதுவும் நல்ல மார்க் எடுத்த பிள்ளையை, பேர் தெரியாத ஒரு சட்டப் பள்ளியில் ஐந்து வருஷத்துக்கு யார் கொண்டுவந்து விடுவார்? பொறியியல், மருத்துவம் என்று ஓடுகிற நாட்டில், சட்டமும் அவற்றுக்கு இணையான படிப்பு என்று வீடு வீடாக நம்ப வைத்தது ஒரு பெரிய வேலை. நாடு முழுவதிலிருந்தும் நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களை எடுத்தார். வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதி, அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று தற்காத்துப் பேச வேண்டும். வருகையில் கண்டிப்பு. பாடத்தில் தேறாவிட்டால் ஒரு வருஷமே போகும். வரலாறும் சமூகவியலும் பொருளாதாரமும் சட்டத்தோடு சேர்ந்தே நடந்தன. விடுமுறையில் மாணவர்களை வக்கீல் அலுவலகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தார். 1998இல் அங்கிருந்து கல்கத்தா. அங்கே புதிதாகத் தொடங்கிய தேசிய நீதித்துறை அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. 2003இல் அங்கிருந்து போபால், தேசிய நீதித்துறை அகாதெமியின் இயக்குநர். மாணவனுக்குப் பாடம் சொன்னவர், அடுத்து நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். 2006க்குப் பிறகும் ஓயவில்லை. திருவனந்தபுரத்தில் இளம் வக்கீல்களுக்கு வாதாடும் பயிற்சி கொடுக்க ஒரு நிறுவனம் தொடங்கினார். 2014இல் அரசு விளம்பரங்களுக்கு நெறிமுறை வகுக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். மக்கள் பணத்தில் கொடுக்கும் விளம்பரத்தில் யார் யார் படம் போடலாம் என்று 2015இல் வந்த தீர்ப்பு அந்தக் குழுவின் அறிக்கையை வைத்து எழுந்தது. 2019 மே மாதம் காலமானார். அடுத்த வருஷம் பத்ம பூஷண் அறிவித்தார்கள்.

அவர் செய்தது எல்லாமே எனக்கு உடன்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். நீதிபதி மலிமத் தலைமையிலான குற்றவியல் நீதிச் சீர்திருத்தக் குழுவில் அவரும் உறுப்பினர். 2003இல் வந்த அந்த அறிக்கை, குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோலைத் தளர்த்தச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்காமல் இருந்தால் அதிலிருந்து பாதகமான முடிவுக்கு வரவும் இடம் கொடுக்கச் சொன்னது. கீழமை நீதிமன்றத்தில் ஏழைகளுக்காக நிற்கிற எவரும் இதை ஏற்க மாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. ஏழையின் வழக்கைக் கேட்க மாணவர்களைப் பழக்கிய கையே அந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டது எனக்கு இன்னமும் வருத்தம்தான். ஆனாலும் அவருடைய கருத்தோடு மோத வேண்டுமென்றால் வழக்கையும் சட்டத்தையும் வைத்துத்தான் மோத முடியும். அப்படிப்பட்டவர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்குவது நல்லது.

இன்னொருவரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். 1979இல் மதுரா வழக்கின் தீர்ப்பைக் கண்டித்து நாலு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர். காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிப் பெண்ணுக்கு நடந்த கொடுமையில் போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்திருந்தது. அந்த மடல் நாடு முழுக்கப் பேச்சானது, பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன, 1983இல் சட்டமே திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் பாலியல் வன்முறை வழக்கில், தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை நம்பித் தொடங்க வேண்டும் என்ற விதி சாட்சியச் சட்டத்தில் ஏறியது அப்போதுதான். அந்த மடலை எழுதிய பக்ஷி, பின்னாளில் டெல்லி பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனார். தலைமை நீதிபதிக்கு எதிராகக் கடிதம் எழுதியவர் என்று யாராவது அன்றைக்கு அவர் கோப்பை ஓரமாக வைத்திருந்தால், இழப்பு பல்கலைக்கழகத்துக்குத்தான். உங்கள் முன்னால் இருக்கும் கோப்புகளிலும் அப்படி யாராவது இருக்கலாம். வாய் திறந்து பேசியதற்காக அவரைக் கழித்துவிடாதீர்கள்.

சரி, இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன்.

பெங்களூரு சட்டப் பள்ளியை எழுப்பியது வக்கீல் தொழிலையும் நீதிமன்றத்தையும் தூக்கி நிறுத்துவதற்காக. முதல் அணி மாணவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்தது 1993இல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 1991இல் பொருளாதாரக் கதவு திறந்துவிட்டது. வெளிநாட்டு முதலீடு, கூட்டு நிறுவனங்கள், பங்குச் சந்தை என்று பெருகிய நேரத்தில், நல்ல ஆங்கிலமும் உழைப்பும் ஆராய்ச்சிப் பழக்கமும் உள்ள இளம் சட்டப் பட்டதாரிகளை டெல்லியிலும் மும்பையிலும் இருந்த பெரிய சட்ட நிறுவனங்கள் அள்ளிக்கொண்டன. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நீதிமன்றத்துக்காகத் தயார் செய்த பிள்ளைகளை ஒப்பந்தங்களுக்காக எடுத்துக்கொண்டார்கள். நாடு எதிர்பார்த்த அளவுக்கு மாணவர்கள் கீழமை நீதிமன்றங்களுக்கு வரவில்லை என்ற ஆதங்கத்தை மேனனே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு ஒன்று. இன்றைக்கு இந்த வகைப் பல்கலைக்கழகங்கள் இருபதுக்கும் மேலே. எங்கள் மாநிலத்திலும் திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் ஒன்று இருக்கிறது. 2008இலிருந்து கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். விண்ணப்பக் கட்டணமே 4,000 ரூபாய். பயிற்சி மையத்துக்குக் கட்டுவது தனி. சேர்ந்த பிறகு வருஷத்துக்குச் சில லட்சம். எங்கள் அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, கட்டணமும் ஏழைப் பிள்ளை கட்டக்கூடியது. இரண்டு இடத்திலும் படிப்பது ஒரே அரசியல் சட்டம்தான். ஆனால் உள்ளே நுழையும்போதே இரண்டு வேறு ஊர் போலப் பிரிந்துவிடுகிறது.

எங்கள் சீனியர் அலுவலகத்துக்கு ஒரு கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வந்த மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் நாலாம் வருஷம். சென்னைப் பையன், வீட்டில் தமிழ் பேசுகிறவன், கெட்டிக்காரன். ஒரு அடிதடி வழக்கில் ஜாமீன் மனுவுக்குக் குறிப்பு தயார் செய்யச் சொல்லி வழக்குக் கட்டைக் கையில் கொடுத்தோம். மறுநாள் காலை பிரமாதமான குறிப்போடு வந்தான். கைது, ஜாமீன் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன அர்னேஷ் குமார் தீர்ப்பு, சதேந்தர் குமார் அன்டில் தீர்ப்பு, ஒவ்வொன்றிலும் எந்தப் பத்தி நமக்கு உதவும் என்பதுவரை எடுத்து வைத்திருந்தான். எங்கள் ஊரில் பத்து வருஷம் தொழில் செய்தவர்கூட அத்தனை ஒழுங்காக எழுத மாட்டார்.

ஆனால் எஃப்.ஐ.ஆரையும், சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரையும் அவன் படித்திருக்கவில்லை. படிக்க முடியவில்லை என்பதுதான் சரி. ஏட்டு கையால் எழுதிய தமிழ். ‘மேற்படி எதிரியானவர்’ என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒரு பக்கம் ஓடுகிற வாக்கியம். எங்கள் குமாஸ்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டைப் புரட்டினார். கைது செய்ததாகச் சொல்லும் நேரத்தில் அதே அதிகாரி சம்பவ இடத்தில் நின்று மகஜர் எழுதிக்கொண்டிருந்ததாகப் பதிவாகியிருந்தது. தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்து அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். ஜாமீன் வாதத்தில் முதலில் நின்றது அந்தக் கோடுதான். அப்புறம் வராந்தாவில் அந்த வழக்கில் கைதானவனின் அம்மா நின்றுகொண்டிருந்தார். “தம்பி, என்னைக்கு வெளிய விடுவாங்க?” என்று மாணவனைப் பார்த்துக் கேட்டார். அவனுக்குப் பதில் சொல்ல வரவில்லை. சட்டம் தெரியும். ஆனால் ஜாமீன் கிடைத்த பிறகு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களுக்குச் சொத்து வரி ரசீது வேண்டும், உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

தவறு அந்தப் பிள்ளையுடையது கிடையாது. இரண்டாவது வாரத்திலேயே மகஜரைத் தானாகப் படிக்கத் தொடங்கிவிட்டான். சட்ட உதவிக்காகச் சிறைக்குப் போனவர்களோடு தானும் வருகிறேன் என்று கேட்டுப் போனான். அந்தப் பையன் எங்கள் ஊரிலேயே இருந்திருந்தால் இன்றைக்கு இந்த மாவட்டத்தில் பேர் சொல்லும் வக்கீலாகியிருப்பான். ஆனால் அவன் தலைமேல் கல்விக் கடன் இருந்தது. படிப்பு முடிந்ததும் மும்பையில் ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்தான். ஜூனியராக எங்களிடம் சேர்ந்தால் மாதம் கிடைக்கிற தொகையில் அந்தக் கடனுக்கு வட்டி கூடக் கட்ட முடியாது. இந்தக் கணக்கை மாற்றாமல், மாணவர்களுக்குச் சமூக அக்கறை இல்லை என்று மேடையில் பேசுவது நியாயமே இல்லை.

நம் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். 2022இலிருந்து சட்ட உதவிக்கென்று முழுநேர வக்கீல்களை மாவட்டந்தோறும் நியமிக்கும் திட்டத்தைத் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் நடத்துகிறது. வேலைக்கான இடம் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு வருகிற தகுதியும் மனசும் உள்ள பிள்ளைகளைத் தயார் செய்யும் பல்கலைக்கழகம்தான் இன்னும் வரவில்லை.

அதனால்தான் துணைவேந்தர் யார் என்பது எங்களுக்கு இவ்வளவு முக்கியம். பாடத்திட்டத்தில் எந்தத் தாளுக்கு எத்தனை மதிப்பெண், யாருக்குக் கட்டணச் சலுகை, எந்த ஆசிரியரை எடுப்பது, விடுமுறையில் மாணவர்களை எங்கே அனுப்புவது, வளாகத்துக்கு வேலை கொடுக்க யாரை அழைப்பது என்று அன்றாடம் முடிவு செய்பவர் அவர். மேனனால் பெங்களூரில் அவ்வளவு செய்ய முடிந்ததற்குக் காரணம், இந்த முடிவுகளையெல்லாம் ஒரே நோக்கத்தோடு பன்னிரண்டு வருஷம் அவரால் எடுக்க முடிந்தது. அதற்காக யாரையும் பன்னிரண்டு வருஷம் நாற்காலியில் உட்கார வையுங்கள் என்று கேட்கவில்லை. அவரே கல்கத்தாவில் ஐந்து வருஷத்தோடும் போபாலில் மூன்று வருஷத்தோடும் நகர்ந்துவிட்டார். ஆனால் ஒருவர் பதவிக்காலம் முடியும் நேரத்தில் அடுத்தவரைத் தேடத் தொடங்கி, நடுவில் பொறுப்புத் துணைவேந்தரை வைத்து மாதக்கணக்கில் ஓட்டும் வழக்கம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஆகாது. புதியவரின் பெயரை ஆறு மாதம் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். பழையவரோடு சேர்ந்து ஒரு பருவமாவது அவர் இருந்து பார்க்கட்டும்.

நேர்காணலில் கேட்க வேண்டியவை எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கடைசியாக எப்போது ஒரு வகுப்பு முழுதாக எடுத்தீர்கள் என்று கேளுங்கள். நிர்வாகத்துக்கு வந்த பிறகு வகுப்பு எடுக்க நேரம் கிடைக்கவில்லை என்பவர், துணைவேந்தரான பிறகு மாணவர் முகத்தையே பார்க்க மாட்டார். உங்கள் சட்ட உதவி மையத்திலிருந்து போன ஒரு வழக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். திறப்பு விழாவுக்கு யார் வந்தார்கள் என்று சொல்பவர் நிறையப் பேர் இருப்பார்கள். வழக்கு என்ன ஆனது என்று சொல்பவர் வேண்டும். உங்கள் மாணவர்களில் முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் இன்றைக்கு நிற்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்திருந்தால் அவர்களோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

பணத்தைப் பற்றியும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். இந்தப் பல்கலைக்கழகங்களில் பலவும் மாணவர் கட்டணத்தில்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. மாநில அரசிடமிருந்தும் பழைய மாணவர்களிடமிருந்தும் பணம் திரட்டிக் கட்டணத்தைக் குறைக்க அவரிடம் என்ன வழி இருக்கிறது? படிப்பு முடித்து மூன்று வருஷம் மாவட்ட நீதிமன்றத்திலோ சட்ட உதவியிலோ வேலை செய்பவரின் கல்விக் கடனைப் பல்கலைக்கழகமே கட்டும் திட்டத்தை அவரால் தொடங்க முடியுமா? வருஷத்துக்குப் பத்துப் பேருக்கு என்று ஆரம்பித்தாலும் போதும். அமெரிக்காவில் பல சட்டக் கல்லூரிகள் பொதுநல வேலைக்குப் போகும் மாணவர்களின் கடனை இப்படி ஏற்றுக்கொள்கின்றன. இங்கே முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

மொழியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தைத் தமிழில் பதிவு செய்யவும் தீர்ப்பைத் தமிழில் எழுதவும் 1976இலேயே சட்டம் வழி செய்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை வக்கீல்கள் வந்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் இருக்கிற மாநிலத்தின் நீதிமன்ற மொழியில் ஒரு எஃப்.ஐ.ஆரையும் ஒரு கிரயப் பத்திரத்தையும் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தையும் படிக்கத் தெரியாமல் யாருக்கும் பட்டம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் துணைவேந்தரைத் தேடுங்கள். பிற மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அது கஷ்டம் என்பார்கள். அவர்கள் தங்கள் தாய்மொழியிலேயே செய்யட்டும். இந்தியிலோ மராத்தியிலோ ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக் கட்டைப் படித்துக் காட்டட்டும். நுழைவுத் தேர்வைப் பிராந்திய மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போயிருக்கிறது. அதில் அவருடைய நிலைப்பாடு என்ன என்று நேரடியாகக் கேட்டுப் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு சட்டக் கல்லூரிகளோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளாத தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் எனக்குப் புரியாத விஷயம். நாவலூர் குட்டப்பட்டிலிருந்து திருச்சி அரசு சட்டக் கல்லூரி ஒன்றும் கண்காணாத தூரத்தில் இல்லை. பல்கலைக்கழகத்தில் இருக்கிற நூலகத்தையும் இணையவழித் தீர்ப்புத் தொகுப்புகளையும் அரசு கல்லூரிப் பிள்ளைகளும் பயன்படுத்தட்டும். இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கோர்ட்டுத் தமிழைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர்கள் கற்றுக்கொள்ளட்டும். மேனன் தொடங்கியது ஒரு முன்மாதிரி. மற்றக் கல்லூரிகள் அதைப் பார்த்து எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். முன்மாதிரியைச் சுற்றி மதில் கட்டிவிட்டால் யார் பார்த்து எழுந்திருப்பது? வரப்போகிறவர் அந்த மதிலில் ஒரு கதவாவது திறப்பாரா என்பதை நீங்கள் அறிந்துகொண்டுதான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் பெயர்களையும், பல்கலைக்கழகத்தை எங்கே கொண்டுபோகப் போகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த திட்டத்தையும் பொதுவில் வெளியிடுங்கள். ஒவ்வொருவரும் மாணவர்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுக்கட்டும், மாணவர்களும் ஆசிரியர்களும் கேள்வி கேட்கட்டும். நேர்காணலுக்கு வருவதற்கு முந்தைய வாரம் ஏதாவது ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காலை பத்தரையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். எங்கள் ஊருக்கு வருவதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. பார் அசோசியேஷன் அறையில் உட்கார இடம் இருக்கிறது. திங்கட்கிழமை ரிமாண்டும் ஜாமீனும் அதிகம், அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்